அறுபது நாளில் எழுந்த சுவர்

சுவர் என்றால் நமக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் ஞாபகம் வரும். இன்றைய இஸ்தான்புல், கான்ஸ்டாண்டிநோபிளாக இருந்தபோது கட்டிய சுவரைப் பாருங்கள். இரண்டாம் தியோடோசியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 413-ல் உள்சுவர் முடிந்தது. உயரம் 12 மீட்டர், தடிப்பு 5 மீட்டர், 96 கோபுரங்கள்! பிறகு அதற்கு முன்னால் வெளிச்சுவரும், 20 மீட்டர் அகல அகழியும் சேர்ந்தன.

கட்டின விதம்தான் விசேஷம். இருபக்க முகமும் சுண்ணாம்புக்கல்; நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இடையிடையே வரும் செங்கல் வரிசைகள் முழுத் தடிப்புக்கும் குறுக்கே ஓடி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகின்றன. கோபுரத்தைச் சுவரோடு பிணைக்கவே இல்லை. ஏன்? கோபுரத்தின் கனம் வேறு, அது மண்ணில் இறங்கும் அளவும் வேறு. சேர்த்துக் கட்டினால் விரிசல் விட்டுடும். நாம் பரீட்சைக்காகப் படிக்கிற ஜாயிண்ட் விஷயம் அவர்களுக்கு அப்பவே தெரிந்திருக்கு!

இவ்வளவு செய்தும் 447-ல் நிலநடுக்கத்தில் 57 கோபுரங்கள் விழுந்தன. ஹூணர் தலைவன் அட்டிலாவின் படை பயமோ பக்கத்தில். தேர்ப் பந்தயத்தில் நீலம், பச்சை என்று அடித்துக்கொள்ளும் ரசிகர் கோஷ்டிகளையே வேலைக்கு இறக்கினார்கள். 60 நாளில் சுவர் எழுந்தது. (ரசிகர் மன்றத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம்!)

ஆயிரம் வருஷம் தாங்கிய அந்த நிலப்பக்கச் சுவரை, 1453-ல் இரண்டாம் மெஹ்மத் சுல்தானின் பீரங்கிகள் 53 நாள் முற்றுகையில் உடைத்தன.

1980-களில் சில பகுதிகளைப் புதுப்பித்தார்கள். 1999 நிலநடுக்கத்தில் விழுந்தது அந்தப் புது வேலைதான். அடியில் இருந்த பழைய கட்டு அப்படியே நின்றது.