கழுத்துத் தோல் தொங்குகிறதா? கவலை வேண்டாம்!

வயது ஐம்பதைத் தொட்டதும் முகத்துக்கு முன்பே வயதைக் காட்டிக் கொடுப்பது கழுத்துதான். ஆசையாக வாங்கிய அட்டிகையைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் தாய்மார்கள் உண்டு. சட்டையின் மேல் பொத்தானை மாட்டி மறைத்துக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு.

காரணம் என்ன?

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்வது எலாஸ்டின். வயது ஏற ஏற இரண்டும் குறைகின்றன. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் தோலில் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. கழுத்துத் தோல் மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அதனால் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. கழுத்தில் கயிறு போல் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறார்கள். அது நரம்பு அல்ல, தசை.

உடல் எடை திடீரென்று குறைந்தாலும், பீடி, சிகரெட் பிடித்தாலும் தோல் தொங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெயில்.

வெயிலும் ஜன்னலும்

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அங்கே புழுக்கம் உண்டு, வெயில் கிடையாது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்காகப் பலர் பெங்களூருக்கு ரெயிலில் போய் வரத் தொடங்கினார்கள். மண்வெட்டியும் சுமையுமாக வெட்டவெளியில் வேலை செய்வோரும் உண்டு. தலைக்குத் தொப்பி போடுகிறவர்கள்கூடக் கழுத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஜன்னல் கண்ணாடியும் முழுப் பாதுகாப்பு ஆகாது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் ஓரமாக இருந்த இடப்பக்க முகம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது. கண்ணாடியைத் தாண்டி வரும் புறஊதாக் கதிரின் வேலை அது. கருத்த தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு ஓரளவு உண்டு, முழுமையாக இல்லை.

என்ன செய்யலாம்?

துண்டு, முந்தானை, குடை மூன்றும் செலவில்லாத மருந்து. வசதி உள்ளவர்கள் எஸ்.பி.எப். 30 அளவுள்ள வெயில் தடுப்புக் கிரீமை முகத்தோடு நிறுத்தாமல் கழுத்தின் முன்னும் பின்னும் பூசலாம். ஆஸ்திரேலியாவில் வெயில் தடுப்புக் கிரீமைத் தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

தேங்காய் எண்ணெய் வறட்சியைப் போக்கும். தொங்கும் தோலைத் தூக்கி நிறுத்தாது. ரெட்டினாய்டு மருந்து சுருக்கத்தை ஓரளவு குறைக்கும். டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தசைப் புடைப்புக்குப் போடும் ஊசியின் பலன் மூன்று, நான்கு மாதங்களே. மிகவும் தொங்கிய தோலை இறுக்க அறுவை சிகிச்சைதான் வழி. அதற்குச் செலவு அதிகம்.

ஏமாற வேண்டாம்!

சிவப்பழகு தரும் என்று சொல்லி விற்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் பளபளப்புத் தெரியும். பிறகு தோல் மேலும் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். இத்தகைய கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதித்தது. இருப்பதையும் கெடுத்துக்கொள்ளக் காசு கொடுப்பானேன்?

டாக்டரிடம் எப்போது?

தொங்கும் தோல் நோயல்ல. ஆனால் கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். பிடரி கருத்து, வெல்வெட் துணி போல் தடித்திருந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சோதிப்பது நல்லது. அழகுக்காகக் கண்ணாடி பார்க்கிறவர்கள், ஆரோக்கியத்துக்காகவும் ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்க்கட்டும்.

உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கிய கழுத்து அது. மறைக்க வேண்டியது வெயிலிடம் இருந்துதான். மனிதர்களிடம் இருந்து அல்ல.