கொக்கல வாவியில் இருந்து கிளம்பிய கட்டலினா

1942 ஏப்ரல் 4. விடியும் முன்பே இலங்கையின் கொக்கல வாவியிலிருந்து எழும்பியது, தண்ணீரிலேயே இறங்கி ஏறும் கட்டலினா ரோந்து விமானம். ஓட்டியவர் கனடிய விமானப்படையின் 413ஆவது படையணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சால். இலங்கைக்கு வந்து இரண்டே நாள்.

மாலையில் திரும்பும் நேரம், தெற்கே அடிவானத்தில் சில கரும்புள்ளிகள். நெருங்கிப் பார்த்தால், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள்! கண்டதை மூன்று முறை வானொலியில் அனுப்புவது வழக்கம். மூன்றாவது முறை முடிவதற்குள் ஜப்பானிய ஜீரோ போர் விமானங்களின் குண்டுகள் கருவியைச் சிதறடித்தன. கடலில் விழுந்த ஒன்பது பேரில் ஆறு பேரே பிழைத்துச் சிறைப்பட்டனர். செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று சாதித்தார்கள். "மறுபடி அனுப்பு" என்று கொழும்பு கேட்டது ஜப்பானியர் காதில் விழவே, அடி உதைதான்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தபோது துறைமுகத்தை விட்டுப் பல கப்பல்கள் வெளியேறியிருந்தன. இரத்மலானை விமானத்தளத்திலோ போர் விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. எச்சரிக்கை கிடைத்தும் கோட்டை விட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

போர் முடியும்வரை ஜப்பானியச் சிறைமுகாம்களில் இருந்தார் பேர்ச்சால். நோயாளிக் கைதிகளை வேலைக்கு அனுப்ப மறுத்து அடிபட்டார். அங்கே அவர் ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் பின்னர் போர்க்குற்ற விசாரணையில் சான்றாயின. 'இலங்கையைக் காத்தவர்' என்று பெயர் பெற்ற அவர், 2004இல் தமது 89ஆவது வயதில் கனடாவில் காலமானார்.