ஏசியைச் சரிசெய்வதா, மாற்றுவதா? பழுதின் இடம் சொல்லும் விடை

வீட்டு ஏசி பழுதாவது பெரும்பாலும் கோடையின் உச்சத்தில்தான். வெளிக்காற்று சூடேறச் சூடேற, அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கு இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், அதுவரை மறைந்திருந்த குறைகள் அப்போது வெளிப்படுகின்றன. மெக்கானிக்குகள் ஓய்வின்றி அலையும் அந்த வாரங்களில், உறக்கமின்றித் தவிக்கும் குடும்பங்கள் அவசரத்தில் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றை எடுத்துவிடுகின்றன: சில நூறு ரூபாயில் சரியாகக்கூடிய ஏசியைப் பழைய பொருள் விலைக்குத் தள்ளிவிடுகின்றன, அல்லது இனித் தேறாத இயந்திரத்திற்கு ஒவ்வொரு கோடையிலும் செலவு செய்துகொண்டே இருக்கின்றன. ‘பத்து வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும்’ என்ற வழக்கமான அறிவுரை இவ்விரண்டிலிருந்தும் காப்பதில்லை. வயதைவிட முக்கியமானது, பழுது இயந்திரத்தின் எந்தப் பகுதியில் நேர்ந்திருக்கிறது என்பதாகும்.

இதைப் புரிந்துகொள்ள, ஸ்பிளிட் ஏசியை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, குளிர்பதனி சுற்றிவரும் மூடிய சுற்று. மக்கள் ‘கேஸ்’ என்று அழைக்கும் இந்தக் குளிர்பதனி, அறைக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் வெளியே இருக்கும் கம்ப்ரசர் அதை அழுத்தி, வெளிக்காயிலின் வழியே அனுப்ப, அங்கே அது வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. இரண்டு காயில்களும் கம்ப்ரசரும் அவற்றை இணைக்கும் குழாய்களும் சேர்ந்ததே இந்த மூடிய சுற்று. இரண்டாவது பகுதி, அச்சுற்றைச் சூழ்ந்து அதை இயக்கும் துணையுறுப்புகளான விசிறிகள், அவற்றின் மோட்டார்கள், கெப்பாசிட்டர், சென்சார், மின்னணுப் பலகையான பிசிபி, வடிகட்டி, நீர் வடியும் குழாய் ஆகியவை.

துணையுறுப்புகளில் நேரும் பழுதுகளைப் பெரும்பாலும் சரிசெய்துவிடுவதே லாபம். வெளி யூனிட்டில் ‘ம்ம்’ என்ற முனகல் கேட்டும் விசிறியோ கம்ப்ரசரோ சுழலாமல் நின்றால், பழைய வகை ஏசிகளில் மோட்டார் சுழலத் தேவையான உந்துதலைத் தரும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருப்பது பொதுவான காரணம். அதன் விலை சில நூறு ரூபாய்தான். உள் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தால், வடிகுழாய் அடைத்திருக்கக்கூடும். காயிலில் பனி படிந்து காற்று குறைந்தால், கேஸ் குறைவாக இருப்பதாக முடிவுகட்டும் முன், தூசி அடைத்த வடிகட்டியைக் கழுவிப் பார்க்க வேண்டும். காற்றோட்டம் தடைபட்டாலும் பனி படியும். இவ்வகையில் சற்றுச் சிந்திக்க வேண்டியது இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி மட்டுமே. தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இப்பலகையின் விலை அதிகம் என்பதால், புதியது வாங்கும் முன் பலகையையே பழுதுபார்க்க முடியுமா என்றும், அதைக் கெடுத்தது மின்னழுத்த ஏற்ற இறக்கமா, பல்லியோ எறும்போ புகுந்ததா என்றும் விசாரிப்பது நல்லது. காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய பலகைக்கும் அதே கதி நேரும்.

மூடிய சுற்றில் நேரும் பழுதுதான் மாற்றுவதா என்ற கேள்வியை உண்மையில் எழுப்புகிறது. இப்பழுதுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கேஸ் குறைபாடு. குளிர்பதனி பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதன்று. சுற்று மூடியிருக்கும் வரை, தொழிற்சாலையில் நிரப்பிய அளவு அப்படியே இருக்க வேண்டும். ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே ஆகும். முறையான வேலை வேறு வகையில் நடக்கும்: சுற்றில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்பு நட்டுகளிலும் காயிலின் வளைவுகளிலும் சோப்பு நுரை தடவி, குமிழி எழும் இடத்தைக் கண்டறிவார்கள், அதை அடைத்த பிறகு, வேக்குவம் பம்ப் கொண்டு காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார்கள், இறுதியாக, வெளி யூனிட்டின் லேபிளில் குறிப்பிட்டுள்ள அளவைத் தராசில் எடை பார்த்து நிரப்புவார்கள். இவற்றில் எதையும் செய்யாமல் அரை மணி நேரத்தில் கேஸ் போட்டுச் செல்வது, அடுத்த கோடைக்கு அதே செலவைத் தள்ளிவைப்பதாகும்.

கசிவு எங்கே என்பது தெரிந்தால் முடிவும் தெளிவாகும். நட்டு தளர்ந்தோ, குழாயின் ஓரிடத்தில் விரிசல் விட்டோ கசிந்தால் சரிசெய்துவிடலாம். காயிலே அரித்து, பல இடங்களில் நுண்துளைகள் விழுந்திருந்தால் ஒன்றை அடைக்க மற்றொன்று திறக்கும். கடலோர ஊர்களின் உப்புக் காற்றும், கழிவுநீர் ஓடும் கால்வாய்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உலோகக் காயில்களை அரிப்பதால், சென்னை போன்ற நகரங்களில் சில ஆண்டுகளே ஆன ஏசியிலும் இது நேர்கிறது. அத்தகைய இடத்தில் காயிலை மட்டும் மாற்றுவதாக இருந்தாலும், புதிய ஏசி வாங்குவதாக இருந்தாலும், அரிப்பைத் தாங்கும் பூச்சு கொண்டதைக் கேட்டு வாங்குவது அவசியம்.

எந்தக் குளிர்பதனி என்பதும் முடிவை மாற்றும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது; 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையைப் பின்பற்றி, இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் புதிய கருவிகளின் உற்பத்தியில் இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்தத் தடை உள்ளது. பராமரிப்புத் தேவைக்கும் இதன் வரத்து படிப்படியாகக் குறைந்துவருவதால், ஆர்-22 ஏசியில் கம்ப்ரசரோ காயிலோ போய்விட்டால் மாற்றுவதே பொருத்தம். ஓர் ஏசியில் அதற்குரியதல்லாத வேறு கேஸை நிரப்பச் சம்மதிக்கவே கூடாது; குறிப்பாக, எரியும் தன்மையுள்ள வாயுவை அதற்கென வடிவமைக்கப்படாத இயந்திரத்தில் நிரப்புவது உயிருக்கே ஆபத்து. இப்போது பரவலாக உள்ள ஆர்-32-வும் ஓரளவு எரியக்கூடியதே என்பதால், அதைக் கையாளப் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும்.

அடுத்தது மின்கட்டணக் கணக்கு. ஏசி ஒரு பருவத்தில் அகற்றும் வெப்பத்தை, அதற்காக அது செலவிடும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே நட்சத்திர லேபிளில் அச்சிடப்படும் ஐசீர் என்னும் திறன் மதிப்பு. நட்சத்திரங்களின் அளவுகோல் அவ்வப்போது உயர்த்தப்படுகிறது: 2018-இல் 4.5 மதிப்புள்ள ஸ்பிளிட் ஏசிக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது; 2022 ஜூலையில் அதே மதிப்புக்கு அது நான்காகக் குறைந்தது. எனவே ஒப்பிட வேண்டியது நட்சத்திரத்தை அன்று, எண்ணை. எடுத்துக்காட்டாக, ஓர் அறையிலிருந்து ஆண்டுக்கு 3,900 யூனிட் வெப்பத்தை அகற்ற வேண்டியிருந்தால், 3 மதிப்புள்ள பழைய ஏசிக்கு 1,300 யூனிட் மின்சாரமும், 5 மதிப்புள்ள புதியதற்கு 780 யூனிட்டும் தேவை. மிச்சமாகும் 520 யூனிட்டுக்குத் தலா 8 ரூபாய் வைத்தால் 4,160 ரூபாய். புதிய ஏசியின் விலை 45,000 ரூபாய் என்றால், அது மின்சாரச் சேமிப்பால் மட்டும் ஈடாக ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். ஆகவே நன்றாக ஓடும் பழைய ஏசியை மின்கட்டணத்திற்காக மட்டும் கழிப்பது பலருக்கும் கட்டுபடியாகாது. ஆனால் கம்ப்ரசரை மாற்ற 18,000 ரூபாய் கேட்கப்பட்டால், ஒப்பிட வேண்டிய வேறுபாடு 27,000 ரூபாயாகச் சுருங்கி, ஆறரை ஆண்டுகளில் ஈடாகிவிடுகிறது. பகலும் இரவும் ஏசி ஓடும் வீட்டில் இக்காலம் இன்னும் குறையும். கோடை இரவுகளில் சில மணி நேரம் மட்டும் ஓடும் வீட்டில் நீளும். தமிழ்நாட்டில் யூனிட் கூடக் கூடக் கட்டணப் படியும் உயர்வதால், மிச்சமாகும் யூனிட்டுகளுக்கு வீட்டின் மிக உயர்ந்த படியின் விலையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: பழுதான உறுப்பு எது, அது ஏன் பழுதானது, செய்யும் வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம். கம்ப்ரசருக்கு உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறதா என்பதைப் பழைய ரசீதில் பார்த்துக்கொள்வதும் அவசியம். உறுப்பு இலவசமாகக் கிடைத்தாலும், கேஸுக்கும் கூலிக்கும் தனியே கட்டணம் கேட்கப்படலாம். மாற்றுவது என்று முடிவானால், பழைய ஏசியின் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் சேகரித்து, முறையான மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு கிலோ ஆர்-22 வளியில் கலந்தால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் புவி வெப்பம் கூடும். இந்தக் கேள்விகளையும் கணக்கையும் கோடைக்கு முன்பே, மாசி மாதச் சர்வீஸின்போதே முடித்துக்கொள்ளும் குடும்பம், அவசரத்தில் அல்லாமல் நிதானத்தில் முடிவெடுக்கும்.