சாக்கையிலிருந்து தம்பானூருக்கு

திருவனந்தபுரம் சென்டிரல் நிலையத்தில் இறங்கி, கருங்கல் முகப்பைக் கடந்து, எதிரேயுள்ள பேருந்து நிலையத்துக்கு விரைகின்ற நம்மில் பலர், இந்நகரின் முதற் புகைவண்டி நிலையம் இதுவே என்று கருதுகிறோம். அஃது உண்மையன்று. தம்பானூருக்கு வண்டி வந்தது 1931 நவம்பர் 4ஆம் நாள். அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரின் நிலையமாக விளங்கியது, மேற்கே கடற்கரைப் பக்கத்திலுள்ள சாக்கையே.

கொல்லத்திலிருந்து நீட்டப்பெற்ற மீட்டர் பாதை 1918 ஜனவரி 1ஆம் நாள் சாக்கையை அடைந்தது. அவ்வூரை ஒட்டியே பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய் ஓடுகிறது. இருப்புப்பாதை வருமுன் கொல்லத்துச் சரக்குகள் வள்ளங்களில் வந்த வழியும் அதுவே. ஆனால் சாலைக் கடைத்தெருவும் கோட்டையும் அரசாங்க அலுவலகங்களும் இருந்தது கிழக்கே. மூட்டைகளை மீண்டும் மாட்டுவண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே மகாராணி சேது லட்சுமி பாயியின் ஆட்சிக் காலத்தில், கடைத்தெருவுக்கு அருகே, தாழ்ந்த வயற்பரப்பாயிருந்த தம்பானூருக்குப் பாதை கொண்டுவரப்பட்டது. இன்றும் பெருமழை பெய்தால் அங்கே நீர் தேங்கி நிற்கிறது. நிலம் தன் பழைய இயல்பை மறக்கவில்லை போலும்!

தமிழர்களாகிய நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தம்பானூரில் புறப்பட்ட வண்டி வெளியுலகை அடைய ஒரே வழிதான் இருந்தது. கொல்லம் சென்று, 1904இல் திறக்கப்பெற்ற மலைப்பாதையில் ஆரியங்காவு வழியே செங்கோட்டைக்கு இறங்கித் தென்காசியை அடைவதே அவ்வழி. எர்ணாகுளத்தில் 1902 முதலே இருப்புப்பாதை இருந்தும் பயனில்லை. கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே தண்டவாளமே கிடையாது. வண்டியிலேயே கொச்சிக்குச் செல்ல விரும்பியவர் மலையைத் தாண்டி, மதுரைப் பக்கம் பெருஞ்சுற்றுச் சுற்ற வேண்டும். விவரமறிந்தோர் படகையோ மோட்டாரையோ நாடினர். 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1958 ஜனவரியில் கோட்டயம் வழிப்பாதை முற்றுப்பெற்ற பிறகே தலைநகரம் தன் மாநிலத்தின் வடபகுதியோடு நேரே இணைந்தது.

அகலப்பாதை 1976இல் வந்தது. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலுக்கு வண்டி ஓடியதோ 1979இல்தான். அதுவரை நாஞ்சில் நாட்டார்க்குப் பேருந்தே துணை.

சாக்கையில் இன்று நிலையம் இல்லை. ஆயினும் தம்பானூரில் இடம் போதாமையால், பல நெடுந்தூர வண்டிகள் சாக்கைக்கு வடக்கே, அதே கடற்கரைப் பக்கத்திலுள்ள கொச்சுவேளியிலிருந்து புறப்படுகின்றன. 2024இல் அந்நிலையத்துக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் சூட்டப்பட்டது.