நகரும் திருநாள்கள்

பொங்கல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14 அல்லது 15ஆம் நாளில் வருகிறது. தீபாவளி அவ்வாறு வருவதில்லை. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கொண்டாடப்பட்ட தீபாவளி, அடுத்த ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளிலும், 2025இல் அக்டோபர் 20ஆம் நாளிலும் வந்தது. இப்படியே பின்னோக்கிச் சென்றால், சில ஆண்டுகளில் அது மழைக்காலத்தைக் கடந்து கோடையில் வந்து நிற்க வேண்டும். ஆனால், 2026இல் தீபாவளி மீண்டும் நவம்பர் 8ஆம் நாளுக்குத் தாவிவிடுகிறது. இந்தத் தாவலுக்குக் காரணம் என்ன?

தீபாவளி நிலவைக் கொண்டு கணிக்கப்படும் திருநாள். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள்கள் ஆகும். அத்தகைய பன்னிரண்டு மாதங்களைச் சேர்த்தால் 354 நாள்களே கிடைக்கும். பருவங்களை ஆளும் சூரியனின் ஆண்டோ 365 நாள்களைக் கொண்டது. ஆண்டுதோறும் விழும் இந்தப் பதினொரு நாள் குறையை ஈடுசெய்ய, முன்னோர் ஒரு வழி கண்டனர். ஏறத்தாழ முப்பத்திரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்தனர். அதற்கு ‘அதிக மாதம்’ என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை இவ்வாறு நிகழும். 2026இல் தீபாவளி முன்னோக்கித் தாவுவது இந்தக் கூடுதல் மாதத்தால்தான். இசுலாமிய நாட்காட்டியில் இவ்வாறு மாதம் சேர்க்கும் வழக்கம் இல்லை. ஆகவே, ரமலான் மாதம் எல்லாப் பருவங்களிலும் உலவி, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. குளிர்காலத்தின் குறுகிய பகலிலும் கோடையின் நீண்ட பகலிலும் நோன்பிருந்த பட்டறிவு, அந்தச் சமயத்து முதியோர் அனைவருக்கும் உண்டு.

சூரியனைக் கொண்டு கணிக்கப்படும் திருநாள்கள் வேறு வகையின. தமிழ்ப் புத்தாண்டு, கேரளத்தின் விஷு, பஞ்சாபின் வைசாகி, அசாமின் போகாலி அல்லாத மற்றொரு பிகுவாகிய ரொங்காலி பிகு, வங்காளத்தின் பொய்லா பொய்ஷாக் ஆகியவை ஏப்ரல் மாத நடுவில் அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. ஆந்திரம், கருநாடகம் ஆகியவற்றின் உகாதியும் மராட்டியத்தின் குடிபாட்வாவும் நிலவைச் சார்ந்தவை. அவை பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்னரே வந்துவிடும். ஒரே வகுப்பில் பயிலும் மாணவர்கள் இருவேறு நாள்களில் புத்தாண்டு வாழ்த்துக் கூறிக்கொள்வது இதனால்தான்.

அப்படியானால், பொங்கல் நகர்வதே இல்லையா? சுவாமி விவேகானந்தர் 1863ஆம் ஆண்டு மகர சங்கராந்தியன்று பிறந்தார். அன்று தேதி ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. பொங்கலும் நகர்கிறது, ஒரு மனிதர் தம் வாழ்நாளில் உணர முடியாத அளவுக்கு மெல்ல நகர்கிறது.

பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலையைப் போல மிக மெதுவாக வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். இதன் விளைவாக, விண்மீன்களை அளவாகக் கொண்ட ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டுவிடுகிறது. நம் பஞ்சாங்கங்கள் விண்மீன்களையே அளவாகக் கொள்கின்றன. இருபது நிமிடம் சிறிதுதான். ஆயினும் 72 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். குஜராத் மக்கள் பட்டம் பறக்கவிட்டு ‘உத்தராயண்’ கொண்டாடுவது ஜனவரி 14இல். சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22இல். பகலும் இரவும் சமமாகும் நாளைக் குறிப்பது ‘விஷு’ என்னும் பெயர். அந்நாளும் மார்ச் மாதத்திலேயே கழிந்துவிடுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் பெயரும் நாளும் பொருந்தியிருந்தன. இன்னும் 1,200 ஆண்டுகள் சென்றால் பொங்கல் பிப்ரவரிக்குள் நுழைந்துவிடும். நெல்லோ பஞ்சாங்கத்தைப் பார்த்து விளைவதில்லை.

விடுதலைக்குப் பின் இச்சிக்கலை ஆராய, 1952இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் இயற்பியல் அறிஞர் மேகநாத் சாகா. அப்போது நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. அரசுப் பணிகளுக்கு, பருவங்களோடு இணைந்து செல்லும் ஒரே நாட்காட்டி வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. திருநாள்களைப் பழைய இடத்திற்குத் திருப்பினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பதையும் அது உணர்ந்திருந்தது. எனவே, இதுவரை நகர்ந்தது அவ்வாறே இருக்கட்டும், இனியேனும் நகராமல் நிறுத்தலாம் என்றது.

முதல் பரிந்துரையை அரசு ஏற்றது. 1957 மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதைக் காண மேகநாத் சாகா உயிருடன் இல்லை. அவர் முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அரசிதழின் முகப்பிலும் அரசு நாட்காட்டிகளிலும் சக ஆண்டுத் தேதி இன்றும் இடம்பெறுகிறது. இரண்டாம் பரிந்துரையைப் பஞ்சாங்கம் கணிப்போர் பெரும்பாலும் பின்பற்றவில்லை. ஆகவே, சங்கராந்தி தன் வழியே நகர்ந்துகொண்டிருக்கிறது.