மதுரை ஹோட்டலில் 'சைட் சீயிங் பேக்கேஜ்' எடுக்கலாமா? நடந்தே பார்க்கக்கூடிய இடங்கள் எவை, வண்டி எதுக்கு வேணும்? முழு விவரம்!

மதுரைக்கு ஒரே ஒரு நாள் டிரிப். காலையில் ஜங்ஷனில் இறங்கி, பக்கத்திலேயே ஹோட்டலில் ரூம் போட்டாச்சு. சாவியைக் கையில் கொடுக்கும்போதே ரிசப்ஷனில் ஒரு அட்டையையும் நீட்டுவார்கள். "சார், லோக்கல் சைட் சீயிங் இருக்கு. ஏசி கார், 6 இடம், அரை நாள் போதும்."

வெளியூரில் இருந்து குடும்பத்தோடு வருபவர்களில் பலர் அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஊர் தெரியாது, வெயில், கூட பெரியவர்கள் வேறு. ஆனால் அந்த 6 இடங்களில் பாதி, ஹோட்டலில் இருந்து நடந்தே போகும் தூரத்தில் இருந்தால்? கார் போய்ச் சேரும் நேரத்தில் கோயில் நடை சாத்தியிருந்தால்?

பேக்கேஜ் எடுப்பது தப்பு இல்லை. எதற்கு எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். அதைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிஞ்சுக்கணும்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி, சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். இந்தப் பெயர்கள் மனதில் நின்றுவிட்டால், மேப் இல்லாமலேயே கோயிலில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

ஜங்ஷன் இருப்பது மேற்கு வெளி வீதியில். அங்கிருந்து டவுன் ஹால் ரோடு வழியாக கிழக்கே நடந்தால் சுமார் 1 கி.மீ. தூரத்தில் மேற்கு கோபுரம். அதனால் 'கோயிலுக்கு மிக அருகில்' என்று ஜங்ஷன் பக்கத்து ஹோட்டல்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அதே வாசகத்தை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டல் சொன்னால் உஷாராக வேண்டும். அங்கிருந்து கோயிலுக்கு 6 கி.மீ.க்கு மேல். ரூம் புக் பண்ணும்போதே "எந்த வீதி?" என்று கேட்டுவிடுவது நல்லது.

நீங்க தங்கியிருக்கும் தெருவுக்கே ஒரு கதை இருக்கு

ஜங்ஷன் எதிரே ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் தெரு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. யார் இந்தப் பெருமாள் மேஸ்திரி?

ஒரு காலத்தில் மதுரையைச் சுற்றி கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டு, அகழி மூடப்பட்டது. ஊர் வெளியே விரிய இடம் கிடைத்தது. அந்த வேலையை முன்னின்று பார்த்தவர்களின் பெயர்கள்தான் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று இன்றைக்கும் நிற்கின்றன. கோட்டைக்கு வெளியே இருந்த வீதி, வெளி வீதி.

அந்த பிளாக்பர்ன் நினைவாக நட்ட இரும்பு விளக்குக் கம்பம் கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஊரில் கேட்டால் 'விளக்குத்தூண்' என்பார்கள். ஜிகர்தண்டா குடிக்கப் போகும் பலர், அந்தத் தூண் எதற்கு என்று தெரியாமலே அதைக் கடந்து போகிறார்கள்.

நடந்தே பார்க்கக்கூடிய இடங்கள்

மீனாட்சி அம்மன் கோயில்: மொத்தம் 14 கோபுரங்கள். அதில் உயரமானது சுமார் 170 அடி உயரமுள்ள தெற்கு கோபுரம். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண்கள். அவசரமில்லாமல் பார்க்க குறைந்தது 2 மணி நேரம் வேண்டும்.

புது மண்டபம்: கிழக்கு கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் பல தலைமுறையாக இங்கேதான் இருந்தன. இப்போது அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன.

மேல மாசி வீதி, 251-ஏ: 1921 செப்டம்பர் 22-ம் தேதி, மேல்சட்டையை விட்டு இடுப்புத் துணிக்கு காந்தி மாறினார் இல்லையா? அது நடந்தது இந்த முகவரியில் இருந்த வீட்டில்தான். ஜங்ஷனில் இருந்து கோயிலுக்குப் போகும் வழியை ஒட்டியே இருக்கிறது. ஆனால் பல பேக்கேஜ் அட்டைகளில் இந்த இடம் இருக்காது.

கூடலழகர் கோயில்: பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் அமர்ந்த, நின்ற, கிடந்த கோலங்களில் அடுக்கடுக்காக இருக்கும் விமானம் இங்கே விசேஷம். இதே பகுதியில்தான் பழமையான காஜிமார் பெரிய பள்ளிவாசலும் இருக்கிறது.

திருமலை நாயக்கர் மகால்: கோயிலில் இருந்து தென்கிழக்கே சுமார் 1.5 கி.மீ. நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ போதும். 1636-ல் கட்டப்பட்ட அரண்மனையில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது சுமார் கால் பங்குதான். மிச்சம் எங்கே போச்சு? தலைநகரை திருச்சிக்கு மாற்றிய பேரன் சொக்கநாத நாயக்கர், பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனதாகச் சொல்லப்படுகிறது. பிற்பாடு சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் புதுப்பிக்கப்பட்டு, நீண்ட காலம் நீதிமன்றமாகவும் இயங்கியது. 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டு இங்கேதான் எடுக்கப்பட்டது என்றால் பலருக்கு உடனே பிடிபடும்.

மகாலில் இருந்து சற்று தூரத்தில் ஒரு சந்துக்குள் 'பத்துத் தூண்' நிற்கிறது. கடைகளுக்கு நடுவே பத்து பெரிய தூண்கள் மட்டும். பழைய அரண்மனை எவ்வளவு தூரம் பரவி இருந்தது என்பதை, மகாலைவிட இந்தத் தூண்கள்தான் நன்றாகக் காட்டும்.

ஏசி கார் எடுத்தாலும் நடக்கத்தான் வேணும்... ஏன்?

சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எவ்வளவு பெரிய கார் எடுத்தாலும் கொஞ்ச தூரம் முன்னாலேயே இறங்கி நடக்க வேண்டும். பழைய நகரத்துக்குள் பார்க்கிங் கிடைப்பதும் சிரமம். டிரைவர் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பும் உங்கள் பேக்கேஜ் நேரத்தில்தான் கழியும்.

கூட வரும் பெரியவர்களுக்கு நடக்க முடியாது என்றால், எந்தக் கோபுரம் வரை வண்டி நெருங்கும், சக்கர நாற்காலியோ பேட்டரி காரோ அன்றைக்குக் கிடைக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை டிபன் முடிச்சுட்டு கிளம்பினா என்ன ஆகும்?

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். மீனாட்சி அம்மன் கோயில் அதிகாலையில் திறந்து, மதியம் 12.30 மணியளவில் நடை சாத்தப்படும். மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. சுற்றுவட்டாரப் பெரிய கோயில்களிலும் மதிய இடைவேளை உண்டு.

ஹோட்டலில் டிபன் முடித்து 9.30-க்குக் கிளம்பி, முதலில் மகால், அடுத்து காந்தி மியூசியம் என்று போனால், கோயில் வாசலுக்கு வரும்போது மணி 12 ஆகிவிடும். செருப்பு, போன், பை எல்லாம் ஒப்படைத்து, சோதனை முடித்து, வரிசையில் நிற்கும்போதே நடை சாத்தும் நேரம் வந்துவிடும்.

அதனால் வரிசையை மாத்திப் போடுங்க:

- காலை 6 முதல் 8.30 வரை: கோயில். கூட்டமும் வெயிலும் குறைவு.
- டிபன் முடித்து 10 மணிக்கு: மகால், பத்துத் தூண், விளக்குத்தூண்.
- மதியம்: தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனைக் கட்டடம். 1959-ல் நேரு திறந்து வைத்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே உள்ளது. வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் போகவும்.
- மாலை: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சுமார் 16 ஏக்கர். தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா நடக்கும் இடம்.
- இரவு 9 மணியளவில்: மறுபடி கோயில். சுந்தரேசுவரரின் பாதுகைகள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும் பள்ளியறை பூஜை. பகல் நேர பேக்கேஜ் எதிலும் இது வராது.

கோயிலுக்குள் போகும் முன் கவனிக்க வேண்டியவை

2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு, கிழக்கு கோபுரம் பக்கத்தில் உள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து ஏற்பட்டது. அதன் பிறகு பாதுகாப்பு இறுகியது. செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. உள்ளே யாராவது பிரிந்துவிட்டால் போன் போட்டுத் தேட முடியாது. குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்கள், சந்திக்க வேண்டிய இடமாக முக்குறுணி விநாயகர் சன்னதியைப் போல எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை முன்பே சொல்லி வையுங்கள். எந்தக் கோபுர வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்தீர்களோ, அதே வாசல் வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்.

உடைக் கட்டுப்பாடும் உண்டு. ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ் போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்போ வண்டி எப்போ தேவை?

ஊருக்கு வெளியே போகும்போதுதான். பழைய நகரத்தில் இருந்து தோராயமான தூரம் இதோ:

- திருப்பரங்குன்றம்: 8 கி.மீ. (தென்மேற்கு)
- கீழடி அருங்காட்சியகம்: 13 கி.மீ. (தென்கிழக்கு)
- அழகர்கோவில்: 21 கி.மீ. (வடக்கு)

மூன்றும் மூன்று திசை. ஒவ்வொன்றுக்கும் ஊருக்குள் வந்து வந்து போவதாக வைத்தால் 16 + 26 + 42 = 84 கி.மீ. டாக்ஸிகளில் வழக்கமாகச் சொல்வது '8 மணி நேரம், 80 கி.மீ.' பேக்கேஜ். அதாவது மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால், கிலோமீட்டரும் தாண்டும், நேரமும் தாண்டும். கூடுதல் கிலோமீட்டருக்கும் மணி நேரத்துக்கும் தனிக் கட்டணம்.

ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால்? சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு கீழடி. செட்டிநாட்டு பாணிக் கட்டடத்தில் அமைந்த இந்த அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள் முதல் விளையாட்டுக் காய்கள் வரை இங்கே பார்க்கலாம். கோயில் நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி. இங்கேயும் வார விடுமுறை உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்க.

பேக்கேஜுக்கு சரி சொல்லும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்கும்? ஹோட்டல் வாசலில் இருந்தா, வண்டி கிளம்பும் ஷெட்டில் இருந்தா?

2. என்னென்ன சேர்த்தி? டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுக் கட்டணம் எல்லாம் உள்ளேயா, வெளியேயா?

3. நம்பர் பிளேட் என்ன நிறம்? வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டிக்கு மஞ்சள் பலகை. எலெக்ட்ரிக் டாக்ஸி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதில் சிக்கல் வரலாம். சில நூறு ரூபாய் குறைகிறது என்று குடும்பத்தையே அதில் ஏற்றுவது சரியாக இருக்காது.

4. நடுவில் கடையில் நிறுத்துவீர்களா? 'மாடியில் இருந்து கோபுரம் அழகா தெரியும், ஃப்ரீ' என்று கைவினைப் பொருள் கடைக்கு அழைப்பது கோயிலைச் சுற்றி வழக்கம். மாடிக்குப் போகலாம், போட்டோவும் எடுக்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அழைத்து வருபவருக்குக் கமிஷன் போகும் என்றால், அது பொருளின் விலையில்தான் ஏறும்.

5. கைடு யார்? சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தை, எத்தனை மணி நேரம் என்பதோடு சேர்த்து முதலிலேயே பேசி முடியுங்கள்.

6. பில் கிடைக்குமா? சொன்ன இடங்களைக் காட்டாமல் விட்டால் கேட்பதற்கு அதுதான் ஆதாரம். ஹோட்டலோ ஏஜென்சியோ பதில் சொல்லாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

மொத்தத்தில் என்ன முடிவு?

ஒரே நாள், நடக்க முடிந்தவர்கள், ஜங்ஷன் பக்கம் ரூம் என்றால் பேக்கேஜ் தேவையில்லை. கால்நடையும் இரண்டு மூன்று ஆட்டோ பயணங்களும் போதும். ஆட்டோவில் ஏறும் முன்பே ரேட் பேசிவிடுங்கள். இரண்டு நாள் இருந்தால், இரண்டாவது நாளுக்கு மட்டும் வண்டி எடுத்து கீழடியும் திருப்பரங்குன்றமுமோ, அழகர்கோவிலோ போகலாம். பெரியவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு முதல் நாளே வண்டி எடுப்பதுதான் நிம்மதி. அவர்களும் காலை 6 மணிக்குக் கோயிலில் தொடங்குவதே நல்லது.

சித்திரைத் திருவிழா சமயத்தில் வருபவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அழகர் வைகையில் இறங்கும் நாட்களில் ரூம் கிடைப்பதே கஷ்டம், ரேட்டும் எகிறும், பல சாலைகளில் வண்டிக்கு அனுமதி இருக்காது. அப்போது ரூமை மாதக்கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட்டு, காரை மறந்துவிட்டு, கூட்டத்தோடு நடந்துவிட வேண்டியதுதான்.