சரசரக்காத உடை

மிலான் நகரின் பாதுகாவலர் புனித அம்புரோஸ். அவருடைய திருநாளான டிசம்பர் 7 அன்றுதான் அங்குள்ள லா ஸ்காலா ஓபரா அரங்கின் பருவம் தொடங்கும். மறுநாள் பத்திரிகைகளில் பாடியவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு, வந்தவர்களின் உடுப்பும் இடம் பிடிக்கும். அதே அரங்குக்குப் பருவத்தின் நடுவில், சாதாரண வாரநாள் ஒன்றில் போய்ப் பாருங்கள். கோட்டு, கம்பளிச் சட்டை, ஜீன்ஸ் எல்லாம் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் ஆகாது என்று அரங்கமே சொல்லிவிட்டது.

முதல் முறை ஓபராவுக்குப் போகிறவருக்கு இசையைவிட உடைதான் பெரிய கவலை. என்னைக் கேட்டால், இதில் தையற்காரரிடம் யோசனை கேட்பதைவிடக் கட்டடத்திடம் கேட்பது நல்லது. ஓபரா உடை என்று இன்று நாம் படங்களில் பார்க்கும் நீளக் கையுறை, உயரத் தொப்பி, தரை தொடும் கவுன் ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூடத்தின் வெளிச்சத்துக்கும் இட நெருக்கடிக்கும் ஏற்றபடி உருவானவை. வெளிச்சம் போனதும் அவற்றின் காரணமும் போய்விட்டது. அதன் பிறகு உடையின் வேலையே வேறு.

பழைய ஓபரா அரங்கு குதிரைலாட வடிவம். சுற்றிலும் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன அறைகள், அவற்றுக்கு 'பாக்ஸ்' என்று பெயர். வசதியான குடும்பங்கள் அவற்றைப் பருவம் முழுதுக்கும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே உட்கார்ந்தால் மேடையைவிட எதிர்வரிசைக் குடும்பம்தான் நன்றாகத் தெரியும். நடுவில் தொங்கும் சரவிளக்கு நாடகம் நடக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். சாப்பாடு, பேச்சு, கல்யாணப் பேரம் எல்லாம் அங்கேதான். மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஓபரா கண்ணாடி என்ற குட்டித் தொலைநோக்கி, பாடகியின் முகத்தைப் பார்த்த நேரத்துக்குச் சமமாக எதிர் பாக்ஸில் யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் பயன்பட்டது.

ஆக, உடை அந்த வெளிச்சத்துக்கு எடுபட வேண்டும். மெழுகுவர்த்தியும் காஸ் விளக்கும் தரும் ஒளி, சுடரில் சூடேறிய கரித்துகள்களிலிருந்து வருவது. அதில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. பகலில் அழகாக இருக்கும் நீலத் துணி இரவில் கறுத்துப்போகும், வெளிர் மஞ்சள் வெள்ளையாகத் தெரியும். பாரிஸில் அரச குடும்பத்துப் பெண்களுக்கு உடை தைத்த சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த், இதற்காகவே தன் கடையில் ஓர் அறையைக் காஸ் விளக்கில் வைத்திருந்தார். மாலை உடையை அந்த அறையில் உடுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். துணிக்கடை வாசலுக்குப் புடவையைத் தூக்கிவந்து வெயிலில் பார்க்கிறோமே, அதற்கு நேர் எதிரான காரியம். வைரத்துக்கும் சுடர்தான் தோது. நூற்றுக்கணக்கான சிறு சுடர்கள் எரியும்போது ஒவ்வொரு பட்டையும் தனித்தனிப் பொறியாகத் தெறிக்கும். எங்கும் சமமாகப் பரவிய வெளிச்சத்தில் அதே கல் களையிழந்து கிடக்கும்.

ஆண்களுக்கு வந்த சிக்கல் வேறு: தொப்பியை எங்கே வைப்பது?

19ஆம் நூற்றாண்டின் கனவான் உயரத் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். பகலில் அணியும் தொப்பி விறைப்பானது. துணியை அச்சில் சுற்றி, அதில் அரக்கு ஏற்றிக் கெட்டியாக்கி, மேலே பட்டு மென்மயிர்த் துணியை ஒட்டி மெருகேற்றுவார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காட்டு மரங்களில் பூச்சிகள் சுரந்த பிசின் என்பது லண்டன் கனவான்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ. அரங்குக்குள் இப்படி ஆயிரம் பேர் ஆளுக்கொரு தொப்பியோடு நுழைந்தால் மடியில் வைக்க முடியாது, இருக்கைக்குக் கீழே வைத்தால் நசுங்கும், பொருள் காப்பறையில் கொடுக்கலாமென்றால் அங்கும் இடம் போதாது.

பாரிஸ் தொப்பிக்காரர் அந்துவான் ஜிபூஸ் 1840ஐ ஒட்டி இதற்குக் கண்ட விடைதான் மடங்கும் ஓபரா தொப்பி. அவர் பெயரிலேயே அதை ஜிபூஸ் என்றும் அழைத்தார்கள். தலையில் இருக்கும்போது அது சாதாரண உயரத் தொப்பி. உச்சியில் கை வைத்து அழுத்தினால் தட்டையாகி, கைக்கு அடியில் இடுக்கிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். விளிம்பைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் 'டப்' என்று பழையபடி எழுந்து நிற்கும்.

உள்ளே இருக்கும் பொறியைப் பார்த்தால் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது. கீழே விளிம்போடு ஓர் எஃகு வளையம், மேலே உச்சியோடு இன்னொரு வளையம். இரண்டையும் சில எஃகுக் கம்பிகள் இணைக்கின்றன. ஒவ்வொரு கம்பியும் நடுவில் முழங்கால் போலக் கீல் வைத்தது. கீலில் சுருள்வில். தொப்பி நிமிர்ந்திருக்கும்போது வில் கம்பியை நேராகத் தள்ளிப் பிடித்திருக்கும். நாம் அழுத்தும்போது கம்பிகள் மடங்கத் தொடங்கி, வில் மேலும் மேலும் விறைக்கும். ஒரு கட்டத்தில் அந்த விறைப்பு உச்சத்தைத் தொடும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், அதுவரை எதிர்த்த அதே வில் இப்போது மடங்கிய பக்கமாகவே இழுக்கும். கையை எடுத்தாலும் தொப்பி எழாது.

பொறியியலில் இதை இருநிலைச் சமநிலை என்பார்கள். இரண்டு முனைகளிலும் அமைதி, நடுவில் மட்டும் நிற்க முடியாத மேடு. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்விளக்கு சுவிட்சும் இந்த விதிப்படிதான் இயங்குகிறது. பாதியில் நிற்காமல் ஏதாவது ஒரு பக்கம் சாய்வதற்கு அதனுள் இருக்கும் வில்தான் காரணம். ஜிபூஸ் இந்த விதியைத் தலையில் வைத்துவிட்டார். விறைப்பான அரக்குத் துணி மடங்காதாகையால் மேலுறையையும் மாற்ற வேண்டியிருந்தது: சாட்டின், அல்லது வரிவரியாகப் புடைத்த கெட்டிப் பட்டு. அதனால் ஓபரா தொப்பிக்குப் பகல் தொப்பியின் கண்ணாடிப் பளபளப்பு கிடையாது. இரண்டையும் பழம்பொருள் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளபளப்பை வைத்தே பிரித்துவிடலாம்.

பெண்களின் நீளக் கையுறைக்கும் இப்படி ஒரு கைவினை வரலாறு உண்டு. பிரான்ஸின் கிரெனோபிள் நகரம் ஆட்டுக்குட்டித் தோல் கையுறைக்குப் பேர்போனது. அங்கே சேவியர் ஜூவேன் என்பவர் மனிதக் கைகளை ஆராய்ந்து அளவுகளாக வகுத்து, 1834இல் அளவுமுறை ஒன்றை உருவாக்கினார். சில ஆண்டுகளில், பல அடுக்குத் தோலை ஒரே சமயத்தில் கை வடிவத்தில் வெட்டும் 'இரும்புக் கை' என்ற அச்சையும் கொண்டுவந்தார். அளவு சொல்லிக் கையுறை வாங்கும் வழக்கத்தின் தொடக்கம் அதுதான். நீளத்தை மட்டும் பொத்தான் கணக்கில் சொல்வார்கள். ஒரு பொத்தான் என்பது ஏறக்குறைய ஒரு பிரெஞ்சு அங்குலம். பதினாறு பொத்தான் என்றால் முழங்கைக்கு மேலே ஏறும், ஓபராவுக்கு அதுதான் நீளம். மணிக்கட்டில் ஒரு பிளவு, அதற்குச் சிறு முத்துப் பொத்தான்கள். இடைவேளையில் எதையாவது கொறிக்கும்போது கையுறையை முழுதும் கழற்றாமல், பொத்தானை அவிழ்த்துக் கையை மட்டும் வெளியே எடுக்கலாம்.

பிறகு விளக்கை அணைத்தார்கள்.

1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பாய்ரூட் நகரில் தன் அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் கூடம் இருட்டாக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் பார்க்க வந்தவர்களுக்கு மேடையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. 1898இல் லா ஸ்காலாவின் பொறுப்பை ஏற்ற இளம் இசைநடத்துநர் தொஸ்கானினி, அங்கும் விளக்கைக் குறைத்தார். பெண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டுமென்றும் அடம்பிடித்தார். எதிர்ப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர் நினைத்ததே நடந்தது.

தொப்பிப் பிரச்சினை லண்டனிலும் ஓயவில்லை. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1905 ஜூலையில் 'தி டைம்ஸ்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் மோட்சார்ட்டின் 'தோன் ஜொவான்னி' பார்க்கப் போயிருக்கிறார். அரங்கின் விதிப்படி ஆண்கள் மாலை உடையில்தான் வர வேண்டும், அப்படியே போனார். அவர் பார்வைக்கு நேரே ஒரு சீமாட்டி வந்து உட்கார்ந்தார், தலையில் செத்த வெள்ளைப் பறவை ஒன்றைச் செருகிக்கொண்டு. நான் கழுத்தில் செத்த பாம்பும் சட்டையில் கறுப்பு வண்டுகளுமாக வந்திருந்தால் உள்ளே விட்டிருப்பீர்களா என்பதுதான் ஷாவின் கேள்வி. கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். ஆணுக்கு மட்டும் விதி எதற்கு என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இருட்டில் உடை தெரியாது, ஆனால் கேட்கும். இதை அறிவியலாக அளந்தவர் ஓபராவோடு சம்பந்தமில்லாத ஓர் இயற்பியல் ஆசிரியர், ஹார்வர்டின் வாலஸ் சபீன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்தரை விநாடி வரை அடங்காமல் அடுத்த சொற்களின் மேல் விழுந்தது. சபீன் இரவு நேரங்களில் ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எப்போது அடங்குகிறது என்று அளந்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். அளவீடுகள் ஒத்துவராமல் போனபோது கண்டுபிடித்தார்: அவர் உடுத்தியிருந்த துணியே ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. என்ன உடையில் இருந்தோம் என்று குறித்துவைக்காத ஏராளமான அளவீடுகளைத் தூக்கிப்போட்டார். அதன் பிறகு சோதனைக்கென்று ஒரே உடையைத்தான் உடுத்தினார்.

உறிஞ்சலை அவர் திறந்த சன்னலின் பரப்பைக் கொண்டு அளந்தார், சன்னல் வழியே போன ஒலி திரும்பாது என்பதால். அந்தக் கணக்கில் உடுத்திய மனிதர் ஒருவர் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். அக்காலத்துப் பெண் உடையில் துணி அதிகம், ஆகவே பெண்ணுக்கு அளவு இன்னும் கொஞ்சம் கூடுதல். இரண்டாயிரம் பேர் நிறைந்தால் ஆயிரம் சதுர மீட்டர் சன்னல் திறந்தது போல. அடுக்கடுக்கான பாக்ஸ்களில் ஆட்கள் அடைந்திருக்கும் லா ஸ்காலாவில் முழக்கம் ஒன்றேகால் விநாடிக்குள் அடங்குவதற்கு இதுவும் காரணம். வியன்னாவின் மூசிக்ஃபெரைன் போன்ற இசைக்கூடங்களில் இரண்டு விநாடி வரை நீளும். வேகமாகச் சொல் விழும் இத்தாலிய ஓபராவுக்கு அந்தக் குறைந்த முழக்கம்தான் வசதி. ஆனால் உறிஞ்சலுக்கும் ஓர் அளவு உண்டு. கனத்த கம்பளிக் கோட்டைக் காப்பறையில் கொடுத்துவிட்டு வரச் சொல்வது இருக்கைக்கு இடம் தருவதோடு ஒலிக்கும் கொஞ்சம் நல்லது.

உறிஞ்சுவதைவிடத் தொல்லை, உடை எழுப்பும் சத்தம். ஓபராவில் மைக் கிடையாது. அறுபது எழுபது கருவிகளைத் தாண்டி ஒரு தொண்டை எப்படிக் கேட்கிறது? வாத்தியக் குழுவின் வலு 500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்தில் இருந்து மேலே போகப்போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர் தொண்டையை அமைத்துக்கொள்ளும் விதத்தால் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூடுதல் வலு பிறக்கிறது என்று சுவீடன் ஆய்வாளர் யொஹான் சுண்ட்பெரி காட்டினார். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதுதான். துணி உரசும் சரசரப்பும், மிட்டாய்த் தாளின் நொறுநொறுப்பும், வளையல் கிணுகிணுப்பும் வந்து விழுவதும் அங்கேதான்.

டாஃபெட்டா பட்டின் சரசரப்பை ஒரு காலத்தில் விரும்பி வாங்கினார்கள். அந்த ஒலி வருவதற்காகவே பட்டை மெல்லிய அமிலத்தில் நனைத்தெடுப்பார்கள், இழைகள் ஒன்றோடொன்று பிடித்து உரசும். விளக்கெரியும் அரட்டைக் கூடத்தில் அது பெருமை. இருட்டில், மென்குரல் பாட்டு நடக்கும்போது, பின்வரிசைக்காரருக்கு அது தண்டனை. பட்டுச்சேலை கட்டிப் போகும் நம் பெண்களை எந்த ஓபரா வாசலிலும் மறிக்க மாட்டார்கள். பழகி மென்மையான பட்டாகப் பார்த்துக் கட்டலாம். கண்ணாடி வளையலை விடுதியிலேயே விட்டுவிடலாம்.

மற்றபடி ஊருக்கு ஊர் கட்டடம் சொல்வதுதான். பாய்ரூட் விழா கோடையில் நடக்கிறது. மரக்கூடம், குளிர்சாதனம் இல்லை, கைப்பிடி இல்லாத கடின இருக்கை, வாக்னரோ மணிக்கணக்கில் நீள்பவர். அங்கே பருத்திதான் கைகொடுக்கும். இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில் 1934 முதல் மாலை உடைதான் மரபு. ஆனால் நீண்ட இடைவேளையில் எல்லாரும் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆகவே கூர்முனைக் குதிகால் செருப்பு மண்ணில் புதையும். வெரோனாவில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கின் கற்படிகள் பகல் வெயிலைச் சாயங்காலம் வரை வைத்திருந்து கொடுக்கும், நள்ளிரவில் காற்று குளிரும். வியன்னாவில் நின்று பார்க்கும் மலிவுச் சீட்டு வாங்கியவர்கள் நெடுங்காலம் கழுத்துத் துணி ஒன்றோடு போனார்கள். முன்னால் உள்ள கம்பியில் அதைக் கட்டிவிட்டால் அந்த இடம் அவர்களுடையது, வெளியே போய்வரலாம்.

ரஷ்ய அரங்குகளுக்குப் பனிக்காலத்தில் போகிறவர்கள் கோட்டைக் காப்பறையில் கொடுக்கும்போதே ஓபரா கண்ணாடி ஒன்றையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். பார்வை நன்றாக இருப்பவர்களும் எடுப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரிசையில் நிற்காமல் கோட்டை முதலில் வாங்கிக்கொண்டு போகலாம்.